வர்ஜீனியாவின் 94-ஆவது தொகுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"அமெரிக்காவில் கிண்ணத்தில் சீட்டுப் போட்டுச் சட்டமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்களாமே?" என்ற கேள்வி அவ்வப்போது கிளம்பும். உண்மைதான். நடந்தது வர்ஜீனியா மாநிலத்தில், நியூபோர்ட் நியூஸ் நகரத்தின் 94-ஆவது தொகுதியில். கிண்ணத்தைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள். அந்தத் தொகுதியின் எல்லைக்கோடு பற்றித்தான் யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ கோடுதான் பெரிய கதையாகப் படுகிறது. இரண்டையும் பார்ப்போம்.

இது எந்தச் சபைக்கான தொகுதி?

வர்ஜீனியா சட்டமன்றத்தில் இரண்டு அவைகள். மேலவையான செனட்டில் 40 பேர், கீழவையான டெலிகேட்ஸ் சபையில் 100 பேர். 94 என்பது கீழவைத் தொகுதி. இதன் உறுப்பினரை டெலிகேட் என்பார்கள். செனட்டர்களுக்குப் பதவிக்காலம் நான்கு ஆண்டு, டெலிகேட்டுகளுக்கு இரண்டே ஆண்டு. 1619-இல் ஜேம்ஸ்டவுனில் கூடிய குடியேறிகளின் சபைதான் இந்த அவையின் மூதாதை என்பதில் அந்த மாநிலத்துக்காரர்களுக்குப் பெருமை அதிகம்.

அமெரிக்காவில் ஜனாதிபதித் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் இரட்டைப்படை ஆண்டுகளில் வரும். வர்ஜீனியா தன் மாநிலத் தேர்தலை ஒற்றைப்படை ஆண்டில் வைத்துக்கொள்கிறது. அதனால் 2017, 2019 போன்ற ஆண்டுகளில், வேறெங்கும் பெரிதாகத் தேர்தல் இல்லாத நேரத்தில், நாடு முழுக்க இந்த மாநிலத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒரு தொகுதியில் எத்தனை பேர்?

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் 80 லட்சம் பேர். நூறால் வகுத்தால் தொகுதிக்கு 80,000. 2017 நவம்பரில் 94-இல் வாக்களிக்க வந்தோர் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

டெலிகேட் என்பது முழுநேர வேலையா?

இல்லை. இரட்டைப்படை ஆண்டுகளில் 60 நாள் கூட்டத்தொடர், ஒற்றைப்படை ஆண்டுகளில் அதைவிடக் குறுகியது. பல ஆண்டுகளாக டெலிகேட்டின் ஆண்டுச் சம்பளம் 17,640 டாலர். அந்த ஊர் விலைவாசியில் அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அதனால் வக்கீல், வியாபாரி, ஆசிரியர் என்று எல்லோருக்கும் வேறொரு பிழைப்பு இருக்கும். இந்தச் சம்பளத்துக்கு யார் போட்டியிட முன்வருவார்கள், யாரால் முடியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நியூபோர்ட் நியூஸ் எப்படிப்பட்ட ஊர்?

கப்பல் கட்டும் ஊர். ஜேம்ஸ் ஆற்றங்கரையில் நீளவாக்கில் கிடக்கும் நகரம். 2010-இல் மக்கள்தொகை ஒரு லட்சத்து எண்பதாயிரம். 1886-இல் தொடங்கிய கப்பல் தளம்தான் இன்றும் ஊரின் முதுகெலும்பு. அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல்கள் அத்தனையும் இங்கேதான் கட்டப்பட்டன. இருபதாயிரம் பேருக்கு மேல் அங்கே வேலை. வெல்டிங் தொழிலாளி, பொறியாளர், ஓய்வுபெற்ற ராணுவத்தினர், பல்கலைக்கழக மாணவர் எல்லோரும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கிறார்கள். நகரத்தின் தென்முனையில் கறுப்பின மக்கள் அடர்த்தியாக வாழ்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வரைபடத்தைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

2017-இல் போட்டியிட்டவர்கள் யார்?

குடியரசுக் கட்சியின் டேவிட் யான்சி. 2011-இல் வென்று, தொடர்ந்து அந்த இடத்தில் இருந்தவர். எதிரே ஜனநாயகக் கட்சியின் ஷெல்லி சைமண்ட்ஸ். முன்னாள் ஆசிரியை, அப்போது நகரப் பள்ளி வாரிய உறுப்பினர். 2015-இலும் இவர்கள் இருவரும் மோதினார்கள். அப்போது யான்சி சுலபமாக ஜெயித்தார். 2017-இல் லிபர்ட்டேரியன் கட்சிக்காரர் ஒருவரும் நின்று சில நூறு வாக்குகள் வாங்கினார். முடிவைப் பார்த்தபின் இரண்டு பெரிய கட்சிகளும் அந்தச் சில நூறு வாக்குகளை எண்ணிப் பெருமூச்சு விட்டிருக்கும்.

நூறில் ஒரு தொகுதி. அதற்கு ஏன் அவ்வளவு பரபரப்பு?

தேர்தலுக்கு முன் சபையில் குடியரசுக் கட்சிக்கு 66 இடங்கள், ஜனநாயகக் கட்சிக்கு 34. டிரம்ப் ஜனாதிபதியாகி முதல் ஆண்டு அது. வர்ஜீனியாவில் ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவாக அலை அடித்தது. கவர்னர் பதவியை ரால்ஃப் நார்தம் சுமார் ஒன்பது சதவீத வித்தியாசத்தில் வென்றார். கீழவையில் அவர் கட்சி ஒரே மூச்சில் 15 இடங்களைப் பிடித்து 49-க்கு வந்தது. குடியரசுக் கட்சி 50-இல் நின்றது. மிச்சம் 94-ஆவது தொகுதி.

யான்சி ஜெயித்தால் 51–49, சபாநாயகர், குழுத் தலைமைகள் எல்லாம் குடியரசுக் கட்சிக்கு. சைமண்ட்ஸ் ஜெயித்தால் 50–50. செனட்டில் சமநிலை வந்தால் துணை கவர்னர் வாக்களித்துத் தீர்த்துவைப்பார். கீழவையில் அப்படி யாரும் கிடையாது. அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ள இரு கட்சிகளும் உட்கார்ந்து பேசியே ஆக வேண்டும்.

வாக்கு எண்ணிக்கை எத்தனை முறை மாறியது?

நவம்பர் 7 தேர்தலுக்குப் பிந்தைய கணக்கில் யான்சி பத்து வாக்கு முன்னிலை. வர்ஜீனியாவில் மறு எண்ணிக்கை தானாக நடக்காது. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் தோற்றவர் கேட்கலாம். அரை சதவீதத்துக்குள் இருந்தால் செலவு அரசாங்கத்தின் தலையில். சைமண்ட்ஸ் கேட்டார். டிசம்பர் 19 அன்று நாள் முழுக்க எண்ணினார்கள். முடிவில் சைமண்ட்ஸ் 11,608, யான்சி 11,607. ஒரே ஒரு வாக்கு. குடியரசுக் கட்சியின் சபைத் தலைவர்களே அன்று மாலை அவரை வாழ்த்தி அறிக்கை விட்டார்கள்.

மறுநாள் மூன்று நீதிபதிகள் கொண்ட மறு எண்ணிக்கை நீதிமன்றம் கூடி முடிவை உறுதி செய்ய வேண்டும். வெறும் சம்பிரதாயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அங்கே ஒரு வாக்குச்சீட்டு கிளம்பியது. செல்லாது என்று முந்தைய நாள் ஒதுக்கப்பட்ட அந்தச் சீட்டை நீதிபதிகள் யான்சிக்குச் சேர்த்தார்கள். 11,608–11,608.

அந்த வாக்குச்சீட்டில் அப்படி என்னதான் இருந்தது?

வேட்பாளர் பெயருக்குப் பக்கத்தில் சிறிய முட்டை வடிவ வட்டம் இருக்கும். பேனாவால் அதை நிரப்ப வேண்டும். இந்த வாக்காளர் யான்சியின் வட்டத்தையும் நிரப்பியிருந்தார், சைமண்ட்ஸின் வட்டத்தையும் நிரப்பியிருந்தார். சைமண்ட்ஸ் வட்டத்தின் மேல் மட்டும் குறுக்கே ஒரு கோடு.

குடியரசுக் கட்சித் தரப்பு வாதம் நேரடியானது. தவறாக நிரப்பிவிட்டு அடித்திருக்கிறார், மற்ற பதவிகளுக்கெல்லாம் எங்கள் கட்சிக்கே குத்தியிருக்கிறார், ஆகவே இது யான்சியின் வாக்கு. ஜனநாயகக் கட்சி வக்கீல்கள் அதே சீட்டின் மேல்பகுதியைக் காட்டினார்கள். கவர்னர் பதவிக்குக் குடியரசுக் கட்சியின் எட் கில்லெஸ்பி பெயரை நிரப்பிவிட்டு, அதன் மேலேயும் குறுக்குக் குறி போட்டிருந்தார் அதே வாக்காளர். அங்கே போட்ட குறி ரத்து இல்லை என்றால் இங்கே போட்ட கோடு மட்டும் எப்படி ரத்தாகும்?

முந்தைய நாள் எண்ணியவர்கள் இரண்டு கட்சிக்கும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, இருவருமே இதைச் செல்லாதது என்று ஒத்துக்கொண்டு ஒதுக்கியிருந்தார்கள். பிறகு குடியரசுக் கட்சித் தரப்பில் எண்ணியவர் மனம் மாறி நீதிபதிகளுக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் சீட்டு மறுபடி வெளியே வந்தது.

நீதிபதிகள் செய்தது சரியா?

சீட்டைப் படித்த விதத்தில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. வாக்காளரின் நோக்கம் தெரிந்தால் வாக்கை எண்ண வேண்டும் என்பதுதான் அங்கே விதி. எந்தக் குறியை எப்படிப் படிப்பது என்று படம் போட்டு விளக்கும் கையேடே மாநிலத் தேர்தல் வாரியத்திடம் இருக்கிறது. நெருடுவது நடைமுறைதான். மறு எண்ணிக்கை முடிந்து, இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, முடிவும் வெளியானபின், ஒரு கட்சியின் ஆள் எழுதிய கடிதத்துக்காக ஒரே ஒரு சீட்டை மட்டும் திறந்தார்கள். இரு தரப்புக்கும் சாதகமான மற்ற சந்தேகச் சீட்டுகளையும் சேர்த்துத் திறந்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க முடியாது. சைமண்ட்ஸ் மறுபரிசீலனை கேட்டார். ஜனவரி 3 அன்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள்.

மின்னணு இயந்திரம் இருந்திருந்தால் இந்தத் தகராறே வந்திருக்காதே?

வந்திருக்காது. என்ன நடந்தது என்று சரிபார்க்கவும் வழி இருந்திருக்காது. 2017 செப்டம்பரில், தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரத்தில், காகிதத் தடயம் இல்லாத தொடுதிரை இயந்திரங்கள் எல்லாவற்றின் அங்கீகாரத்தையும் வர்ஜீனியா தேர்தல் வாரியம் ரத்து செய்தது. ஊடுருவ எளிதானவை என்பதே காரணம். அந்த நவம்பரில் மாநிலம் முழுக்கக் காகிதச் சீட்டுதான். அதனால்தான் மூன்று நீதிபதிகள் பேனாக் கோட்டைக் கூர்ந்து பார்க்கும் நிலை வந்தது. காகிதம் இருந்தால் சண்டை வரும். ஆனால் சண்டை போடக் கையில் ஏதாவது இருக்கும்.

சமநிலை என்றால் மறுதேர்தல் வைக்கலாமே, ஏன் குலுக்கல்?

வர்ஜீனியா சட்டம் குலுக்கல் என்றே சொல்கிறது. இது அந்த மாநிலத்தின் விசித்திரம் அல்ல; இந்தியாவின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலும் சமநிலைக்குக் குலுக்கல்தான். மறுதேர்தல் நியாயமாகத் தோன்றும். ஆனால் அதற்கு வருகிற கூட்டம் வேறு கூட்டம். ஆட்சியே இதில் தொங்குகிறது என்று தெரிந்து நாடெங்குமிருந்து பணமும் ஆட்களும் அந்த ஒரு தொகுதியில் வந்து குவிவார்கள். அது நவம்பர் 7-இன் தீர்ப்பாக இருக்காது.

குலுக்கல் எப்படி நடந்தது?

2018 ஜனவரி 4, தலைநகர் ரிச்மண்டில் ஓர் அரசுக் கட்டடத்தில், கேமராக்கள் முன்னால். இரண்டு காகிதத் துண்டுகளில் இரண்டு பெயர்கள். ஒவ்வொன்றையும் பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் ரோல் டப்பாவுக்குள் போட்டு மூடினார்கள். (ஸ்டுடியோவில் ரோல் கழுவக் கொடுத்த தலைமுறைக்குத்தான் இந்தக் கறுப்பு டப்பா ஞாபகம் இருக்கும்.) டப்பாக்களை நீலமும் வெள்ளையுமான பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் கலக்கினார்கள். கிண்ணம் மாநில நுண்கலை அருங்காட்சியகத்தின் மட்பாண்டக் கலைஞர் ஸ்டீவன் கிளாஸ் செய்தது. தேர்தல் வாரியத் தலைவர் ஜேம்ஸ் ஆல்கார்ன் கையை விட்டு ஒரு டப்பாவை எடுத்தார். திறந்தார். டேவிட் யான்சி. இரண்டாவது டப்பாவையும் திறந்து, உள்ளே சைமண்ட்ஸ் பெயர்தான் இருக்கிறது என்று எல்லோருக்கும் காட்டினார்கள்.

சைமண்ட்ஸ் குடும்பத்தோடு வந்து அங்கேயே உட்கார்ந்திருந்தார். யான்சி வரவில்லை.

தோற்றபின் அவர் மறுபடி எண்ணக் கேட்டிருக்க முடியாதா?

குலுக்கலில் தோற்றவர் மறு எண்ணிக்கை கேட்கச் சட்டத்தில் இடம் இருந்தது. ஏற்கெனவே ஒருமுறை எண்ணியாகிவிட்டதால் அது பொருந்துமா என்று விவாதம் ஓடியது. சட்டமன்றம் கூடிய ஜனவரி 10 அன்று சைமண்ட்ஸ் தோல்வியை ஒப்புக்கொண்டார். அன்றே 51 பேர் பலத்தில் கிர்க் காக்ஸ் சபாநாயகரானார்.

அந்த ஒரு டப்பாவால் கொள்கையில் என்ன மாறியது?

எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் மருத்துவக் காப்பீட்டை விரிவாக்க வேண்டும் என்பது வர்ஜீனியாவில் பல ஆண்டுச் சண்டை. குடியரசுக் கட்சி சபை அதைத் திரும்பத் திரும்பத் தடுத்து வைத்திருந்தது. 2018 மே மாதம் அதே 51–49 சபை விரிவாக்கத்தை 67–31 என்று நிறைவேற்றியது. குடியரசுக் கட்சி உறுப்பினர்களில் ஒரு பகுதியினரும் ஆதரித்தார்கள். சுமார் நான்கு லட்சம் பேருக்குத் தகுதி கிடைத்தது. 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது.

குலுக்கலில் ஜெயித்தும் ஏன் இறங்கி வந்தார்கள்? 15 இடம் போன பயம்தான். நாற்காலி கையில் இருந்தாலும் அடுத்த தேர்தல் கண்ணுக்குத் தெரிந்தது.

அதே ஆண்டு வேறு தொகுதியிலும் குளறுபடி நடந்ததாமே?

ஃபிரெடரிக்ஸ்பர்க் பக்கம், 28-ஆவது தொகுதி. அங்கே குடியரசுக் கட்சி 73 வாக்கில் ஜெயித்தது. பிறகு பார்த்தால் 147 பேருக்கு வேறு தொகுதியின் வாக்குச்சீட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வீடு கோட்டுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பதிவேட்டில் தப்பாக ஏற்றியதன் விளைவு. நீதிமன்றத்துக்குப் போயும் முடிவு மாறவில்லை. 94-இல் ஒரே ஒரு வாக்குக்காக உலகமே எட்டிப் பார்த்தது, இங்கே 147 வாக்கு இடம் மாறிப் போனதைப் பக்கத்து ஊர்க்காரரே சரியாகக் கேள்விப்படவில்லை.

2019-இல் 94-ஆவது தொகுதியில் என்ன ஆயிற்று?

யான்சி, சைமண்ட்ஸ் மூன்றாம் முறையாக மோதினார்கள். இந்த முறை கிண்ணம் தேவைப்படவில்லை. சைமண்ட்ஸ் பெரிய வித்தியாசத்தில் வென்றார். மாநில அளவில் அவர் கட்சி 55 இடங்கள் பிடித்துச் சபையைக் கைப்பற்றியது. அடுத்த ஜனவரியில் ஐலீன் ஃபில்லர்-கார்ன் அந்தச் சபையின் முதல் பெண் சபாநாயகரானார்.

அலை ஒரு காரணம். ஆனால் இடையில் தொகுதியே மாறியிருந்தது.

தொகுதி மாறியதா? எப்படி?

2011-இல் குடியரசுக் கட்சிச் சபை வரைந்த வரைபடத்தில், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக உள்ள 12 தொகுதிகள் ஒவ்வொன்றிலும் வாக்களிக்கும் வயதுள்ளோரில் குறைந்தது 55 சதவீதம் கறுப்பினத்தவர் இருக்க வேண்டும் என்று ஓர் அளவு வைத்தார்கள். கேட்க நல்லெண்ணமாகத்தான் இருக்கும், அவர்களுக்குப் பிரதிநிதித்துவம் கிடைக்கட்டும் என்பதுபோல. நடைமுறையில் என்ன ஆகும்? ஒரு கட்சிக்கே பெரும்பாலும் வாக்களிக்கும் மக்களைச் சில தொகுதிகளில் அள்ளித் திணித்தால், சுற்றியுள்ள தொகுதிகள் மற்றொரு கட்சிக்குப் பாதுகாப்பாகிவிடும்.

94-க்குப் பக்கத்துத் தொகுதியான 95 அப்படி உருவானதுதான். நியூபோர்ட் நியூஸ், ஹாம்டன் நகரங்களின் கறுப்பினக் குடியிருப்புகளைச் சேர்க்க நீண்டு ஒடுங்கி வளைந்து போகும். அந்தப் பகுதிகள் 95-க்குள் போய்விட்டதால் மிச்சம் இருந்த 94 யான்சிக்கு வசதியாக அமைந்தது. இப்படிக் கட்சிக்கோ இனத்துக்கோ ஏற்றபடி எல்லையை வளைப்பதைத்தான் ஜெரிமாண்டரிங் என்கிறார்கள்.

2014-இல் வாக்காளர்கள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, 2018 ஜூனில் மூவர் அமர்வு 2–1 என்று தீர்ப்பளித்தது: 11 தொகுதிகள் இன அடிப்படையில் அரசியல் சட்டத்துக்கு முரணாக வரையப்பட்டவை. அவற்றில் 95-உம் ஒன்று. நீதிமன்றம் நியமித்த வல்லுநர் பெர்னார்ட் குரோஃப்மன் புதுக்கோடு போட்டார். 95 மாறினால் 94 சும்மா இருக்க முடியுமா? ஜனநாயகக் கட்சிக்கு ஆதரவான பகுதிகள் 94-க்குள் வந்தன. சபையின் குடியரசுக் கட்சித் தலைமை மேல்முறையீடு செய்தது. வழக்காட அந்த ஒரு அவைக்கு மட்டும் உரிமை இல்லை என்று 2019 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5–4 என்று தள்ளிவிட்டது.

ஆக, 2017-இல் ஆளுக்கு 11,608 என்று வந்தது பழைய கோட்டுக்குள். அதே இருவரும் கிட்டத்தட்ட அதே ஊரில் புதிய கோட்டுக்குள் நின்றபோது போட்டியே இல்லாமல் போயிற்று. கிண்ணத்தில் இரண்டு பேருக்கும் சரிபாதி வாய்ப்பாவது இருந்தது. 2011-இல் கோடு போட்டவர்கள் அதைக்கூடக் கொடுக்கவில்லை.

இப்போது கோடு போடுவது யார்?

2020-இல் வர்ஜீனியா மக்கள் பொது வாக்கெடுப்பில் ஓர் ஆணையத்துக்கு ஒப்புதல் தந்தார்கள். 8 சட்டமன்ற உறுப்பினர்கள், 8 பொதுமக்கள். அடுத்த ஆண்டே இரு கட்சியும் முட்டிக்கொண்டு வரைபடம் எதையும் முடிக்க முடியாமல் கலைந்தார்கள். வேலை மாநில உச்ச நீதிமன்றத்தின் கைக்குப் போனது. கட்சிக்கு ஒருவராக இரண்டு வல்லுநர்கள், அதில் ஒருவர் மறுபடியும் குரோஃப்மன், சேர்ந்து வரைந்தார்கள். இருக்கிற உறுப்பினர் எந்தத் தெருவில் வசிக்கிறார் என்று பார்க்காமல் வரைந்ததால், பலர் ஒரே தொகுதிக்குள் மாட்டிக்கொண்டார்கள். அந்த வரைபடத்தில் நடந்த முதல் தேர்தல் 2023-இல். முடிவு மறுபடியும் 51–49, இந்த முறை ஜனநாயகக் கட்சிக்கு.

இந்தச் சபைக்கும் தமிழர்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

94-க்கு என்று தனியாக இல்லை. ஆனால் இதே சட்டமன்றம் 2017-இல் ஜனவரி 14-ஐப் பொங்கல் நாளாக அறிவித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. வாஷிங்டனை ஒட்டிய வட வர்ஜீனியாவில் தமிழ்க் குடும்பங்கள் கணிசம்.

94-ஆவது தொகுதியை இன்று வரைபடத்தில் தேடினால் நியூபோர்ட் நியூஸ் வரவில்லையே?

வராது. புதிய வரைபடத்தில் எண்களையும் மாற்றிப் போட்டுவிட்டார்கள். இப்போதைய 94 நீர்ப்பரப்புக்கு அக்கரையில் நார்ஃபோக் நகரத்தில் இருக்கிறது. 2023-இல் அங்கே ஃபில் ஹெர்னாண்டஸ் வென்றார். நியூபோர்ட் நியூஸில் சைமண்ட்ஸ் வென்ற தொகுதிக்கு இப்போது எண் 70. பழைய தேர்தல் முடிவுகளை ஒப்பிடும்போது எண்ணை மட்டும் நம்பினால் இரண்டு வேறு ஊர்களை ஒன்றாகப் போட்டுக் கணக்குப் பார்ப்பீர்கள். 2021-ஐயும் அதற்கு முந்தையதையும் ஒரு பக்கம், 2023-ஐயும் பிந்தையதையும் இன்னொரு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். 94-ஐப் பொறுத்தவரை 2017-க்கும் 2019-க்கும் நடுவேயும் ஒரு கோடு கிழித்துக்கொள்வது நல்லது.